வாய்த்த உடலும் திருத்திய தாடையும்

பிறப்போடு வாய்த்த உடலை மனிதர் எவ்வளவு தூரம் மாற்றலாம் என்ற வினா, மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த நிலத்தில் ஒரே சமயத்தின் வினாவாக இருந்ததில்லை. படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரமும், எழுவான்கரையில் காத்தான்குடியின் பள்ளிவாசல்களும், வாவியின் நடுவே புளியந்தீவில் கத்தோலிக்க, மெதடிஸ்த ஆலயங்களும் அமைந்துள்ள இப்பகுதியில், மூன்று சமயத்தாரும் ஒரே போதனா வைத்தியசாலையின் வரிசையில் நின்று சிகிச்சை பெறுவதால், உடலைத் திருத்துவது பற்றிய மருத்துவ முடிவு ஒவ்வொன்றும் மூன்று வேறு மரபுகளின் முன் வைக்கப்படுகிறது. அத்தகைய முடிவுகளுள் ஒன்று பற்சீரமைப்பு ஆகும். பல்லுக்குக் கம்பி போடுதல் என்று பேச்சில் வழங்கும் இச்சிகிச்சை பெரும்பாலும் அழகின் கணக்கிலேயே எண்ணப்படுகிறது. ஆனால் தாடையின் ஒடுக்கம் உறக்கத்தில் மூச்சை அடைக்கும்போது, அதே சிகிச்சை மூச்சின் கணக்குக்கு இடம் மாறுகிறது. அவ்வாறு இடம் மாறும்போது சமயத்தின் அனுமதியும் மாறுமா, மாறுமாயின் அம்மாற்றத்தைத் தீர்மானிப்பவர் யார் என்பனவே இங்கு ஆராயப்படுகின்றன.

நித்திரையில் நேரும் மூச்சுத்தடை என்பது, உறங்கும் ஒருவரின் தொண்டைக் குழல் மீண்டும் மீண்டும் அடைபட்டு, மூச்சு நின்று நின்று வரும் நிலையாகும். விழித்திருக்கும்போது நாக்கையும் மெல்லண்ணத்தையும் உரிய இடத்தில் தாங்கி நிற்கும் தசைகள் உறக்கத்தில் தளர்வதால், இயல்பிலேயே ஒடுக்கமான குழலை உடையவர்களுக்கு நாக்கின் அடிப்பகுதி பின்னே சரிந்து வழியை மூடிவிடுகிறது; மார்பும் வயிறும் மூச்சை இழுக்க முயன்றுகொண்டே இருக்க, காற்று மட்டும் உட்செல்வதில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்ததும் மூளை ஒரு கணம் விழிப்பை நோக்கித் திரும்ப, தசைகள் இறுகி, உரத்த குறட்டையோடு வழி திறந்து, மறுபடியும் உறக்கம் கூடுகிறது. வளர்ந்தவர்களிடத்தில் 10 வினாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்பதும், அதே அளவு நேரம் மூச்சு வெகுவாகக் குறைவதும் தனித்தனி நிகழ்வுகளாக எண்ணப்பட்டு, ஒரு மணி நேர உறக்கத்துக்கு 5 முதல் 15 வரை எனில் இலேசானது, 15 முதல் 30 வரை எனில் நடுத்தரமானது, 30க்கு மேல் எனில் கடுமையானது என நோய் வகுக்கப்படுகிறது. 1965இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் உறக்கத்தின்போது மூச்சையும் மூளை அலைகளையும் ஒருங்கே பதிவுசெய்து இந்நிலையை வெளிப்படுத்தினர். 1981இல் அவுஸ்திரேலிய வைத்தியர் கொலின் சலிவன், மூக்கு வழியாக இடைவிடாது அழுத்தக் காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும் கருவியை அறிமுகப்படுத்தினார். உலகில் 30 முதல் 69 வயது வரையானோரில் ஏறத்தாழ 93 கோடிக்கும் மேற்பட்டோருக்கு இத்தடை ஏதோவோர் அளவில் இருக்கலாம் என 2019இல் வெளியான ஒரு மதிப்பீடு கணித்தது.

உடற்பருமன் இந்நோய்க்கு முதன்மையான காரணம் என்றாலும், முகத்தின் எலும்பமைப்பும் அதற்கு இடங்கொடுக்கிறது. ஆசிய மக்களில் பலருக்கு, பருமன் மிகாமலேயே நோய் தோன்றுவதற்கு இவ்வமைப்பே காரணமாகக் கூறப்படுகிறது. மேல்தாடையின் அண்ணம் வாய்க்குக் கூரையாகவும் மூக்குக்குத் தரையாகவும் ஒருங்கே அமைந்திருப்பதால், அண்ணம் குறுகியிருந்தால் மூக்கின் வழியும் குறுகுகிறது. கீழ்த்தாடை பின்தள்ளியிருந்தால் அதனோடு இணைந்த நாக்கும் தொண்டையை நோக்கி ஒதுங்குகிறது. பற்களையும் தாடைகளையும் ஒழுங்குபடுத்தும் பற்சீரமைப்பு மருத்துவம் இவ்விரு இடங்களிலும் செயல்பட வல்லது. சிறுவர்களின் அண்ணத்தின் நடுவே ஓடும் எலும்புப் பொருத்து பருவமடையும் வரை முற்றாக இறுகாமல் இருப்பதால், மேல்வாய்ப் பற்களில் பொருத்திய விரிப்புக் கருவியின் திருகை நாள்தோறும் கால் மில்லிமீற்றர் அளவில் ஓரிரு முறை திருப்பி, அண்ணத்தின் இரு பாதிகளையும் மெல்ல அகற்ற முடியும். அகன்ற இடைவெளியில் பின்னர் புதிய எலும்பு வளர்ந்து நிரப்புகிறது. வளர்ந்தவர்களுக்கோ, உறங்கும் வேளையில் மேல், கீழ்ப் பற்களில் அணிந்துகொள்ளும் முன்னகர்த்தும் கருவி கீழ்த்தாடையைச் சில மில்லிமீற்றர் முன்னே பிடித்து வைத்து, நாக்கு பின்னே சரிவதைத் தடுக்கிறது. கடுமையான நோயில் இரு தாடைகளையும் அறுவை மூலம் முன்நகர்த்துவதும் உண்டு. அதற்கு முன்னும் பின்னும் பற்களை இணக்கும் பணி பற்சீரமைப்பு வைத்தியருடையது.

இச்சிகிச்சைகளின் பயனையும் எல்லையையும் சேர்த்தே கூறுவது, பின்னர் வரும் சமய விவாதத்துக்கு இன்றியமையாதது. 2004இல் இத்தாலியில் பவுலா பிரெல்லியும் உடனாய்வாளரும் மேல்தாடை குறுகிய 31 சிறுவர்களுக்கு அண்ண விரிப்பைச் செய்தபோது, மணிக்குச் சராசரி 12 ஆக இருந்த தடை நிகழ்வுகள் சிகிச்சை முடிந்த சில மாதங்களில் ஒன்றுக்கும் கீழே குறைந்தன. எனினும் அச்சிறுவர்கள் பெரிதாகாத டொன்சில், அடினாய்டுச் சதைகளை உடையவர்களாகத் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள். சிறுவர்களின் மூச்சுத்தடைக்கு அச்சதைகளின் வீக்கமே பெரும்பாலும் காரணமாதலால், அவற்றை அகற்றும் அறுவையே வழக்கமாக முதலில் பரிந்துரைக்கப்படுகிறது. முன்னகர்த்தும் கருவி, காற்றழுத்தக் கருவியின் அளவுக்குத் தடை நிகழ்வுகளைக் குறைப்பதில்லை. ஆயினும் அதைப் பலர் விடாமல் அணிந்துகொள்வதால் பகல் உறக்கத்தைப் போக்குவதில் அதற்கு நெருங்கிய பயனைத் தருகிறது, அதே வேளையில் ஆண்டுகள் செல்லச் செல்லப் பற்களின் கடிப்பைச் சிறிது மாற்றியும் விடுகிறது. அமெரிக்கப் பற்சீரமைப்பு வைத்தியர் சங்கம் 2019இல் வெளியிட்ட அறிக்கை, தம்மிடம் வருவோரிடத்தில் இந்நோயின் அறிகுறிகளைத் தேடுவது வைத்தியரின் கடமை என்று கூறியதோடு, நோயை முடிவு செய்வதை உறக்க மருத்துவம் கற்ற வைத்தியரிடம் விடவேண்டும் என்றும், தாடை குறுகாத ஒருவருக்கு மூச்சுத்தடையைக் காரணங்காட்டி விரிப்பைச் செய்யலாகாது என்றும் வரையறுத்தது. கோணிய பல்லை நேராக்கும் கம்பி, அதனளவில், மூச்சுத்தடைக்கு மருந்தாவதில்லை.

உடலை மாற்றுவது தகாது என்போரின் வாதம், மாற்றத்துக்கு முந்தைய உடல் தூய கொடையாக, மனிதச் செயல் எதுவும் படாததாக இருந்தது என்ற எண்ணத்தின் மேல் நிற்கிறது. தாடையைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் ஐயத்துக்குரியது. எகில் ஹார்வோல்ட் என்ற ஆய்வாளர் இளம் குரங்குகளின் மூக்கை அடைத்து வளர்த்தபோது, வாயால் மூச்சுவிடப் பழகிய அவற்றின் தாடைகளும் பல்வரிசைகளும் வளர்ச்சியில் மாறுபட்டன. மனிதரிடத்திலும் பரம்பரைக் கூறுகளோடு, குழந்தைப் பருவத்து மூச்சும், நாக்கின் இருப்பும், மெல்லும் உணவின் தன்மையும் தாடையின் வடிவில் பங்குகொள்வதாக ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அவ்வாறாயின் ஒன்பது வயதுப் பிள்ளையின் குறுகிய அண்ணம் படைப்பின் முடிந்த வடிவம் எனக் கொள்ளத்தக்கதாகாது. சளியும் மூக்கடைப்பும் பழக்கமும் ஏற்கெனவே கைவைத்த ஒன்றாக அது இருக்கலாம். ஆகவே மாற்றலாமா என்ற வினா, எதன் பொருட்டு மாற்றலாம் என்ற வினாவாக உருமாறுகிறது; மூன்று சமயங்களும் உண்மையில் விடை தேடியதும் இப்பின்னைய வினாவுக்கே.

சைவ சித்தாந்தத்தில் உடல் உயிரின் உடைமையும் அன்று, உயிரின் தண்டனைக்கூடமும் அன்று. உயிரை அநாதியாகப் பற்றியுள்ள ஆணவ மலத்தின் மறைப்பு நீங்கும்பொருட்டு, தனு எனப்படும் உடல், கரணம் எனப்படும் உட்கருவிகள், புவனம் எனப்படும் உலகு, போகம் எனப்படும் நுகர்ச்சி ஆகிய நான்கையும் இறைவன் மாயையிலிருந்து தோற்றுவித்து உயிருக்கு அளிக்கிறான் என்பது அதன் கொள்கை. கருவியாக அளிக்கப்பட்டதைச் செப்பமுற வைத்திருத்தல் கருவியை அளித்தவனின் நோக்கத்துக்கு உடன்பட்ட செயலே என்பதால், உடலைத் திருத்துவது சைவத்தில் தன்னளவிலேயே குற்றமாவதில்லை. உடம்பை இழிவெனக் கருதியிருந்த நிலை மாறி, அதனுள் இறை உறைவதைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதைத் திருமூலர் திருமந்திரத்தில் கூறுவதும் இந்நோக்கிலேயே ஆகும். நோயென்பது முன்வினையின் பயன், அதை நுகர்ந்தே கழிக்க வேண்டும் என்ற மறுப்பு ஊர்ப்பேச்சில் எழுவதுண்டு. பிராரத்தம் எனப்படும், இப்பிறவியில் நுகர்வதற்கென வந்த வினை, நோயை மட்டும் கொண்டுவந்து மருந்தையும் வைத்தியரையும் வெளியே நிறுத்திவிடும் என்பதற்குச் சித்தாந்தத்தில் ஆதாரம் இல்லை. நோய் வினைவழி வந்ததாயின் அதைத் தீர்க்கும் வாய்ப்பும் அவ்வழியே வந்ததெனக் கொள்வதில் முரண்பாடு எதுவும் இல்லை. சித்தர் மருத்துவத்தைத் தன்னகத்தே வளர்த்த ஒரு மரபு மருந்தை வினைக்குப் பகையாகக் கருதியிருக்கவும் முடியாது.

உறக்கத்தைப் பற்றிச் சித்தாந்தம் கூறுவது இதனினும் ஆழமானது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம், உடலின் வேறாக உயிர் உண்டு என்பதற்கு மூன்றாம் சூத்திரத்தில் அடுக்கும் காரணங்களுள் ஒன்றை உறக்கத்திலிருந்தே எடுக்கிறது: ஆழ்ந்து உறங்குபவரிடத்தில் பிராணவாயு உள்ளும் புறமும் இயங்கிக்கொண்டிருக்க, நுகர்ச்சியும் செயலும் அற்றுப்போகின்றன, பிராணனே உயிராயின் அது இயங்கும்வரை அறிவும் இயங்கவேண்டும், அவ்வாறு நிகழாமையால் உயிர் பிராணனின் வேறானது. நான்காம் சூத்திரமோ, உயிர் ஐந்து அவத்தைகளை, அதாவது ஐந்து நிலைகளை, அடைவதை விளக்குகிறது. விழிப்பாகிய சாக்கிரத்தில் புருவ நடுவில் 35 கருவிகளோடு நிற்கும் உயிர், கனவாகிய சொப்பனத்தில் கண்டத்தில் 25 கருவிகளோடும், கனவற்ற உறக்கமாகிய சுழுத்தியில் இதயத்தில் சித்தம், பிராணன், புருடன் என்னும் மூன்றோடும், துரியத்தில் உந்தியில் பிராணன், புருடன் என்னும் இரண்டோடும், துரியாதீதத்தில் மூலாதாரத்தில் புருடனாகத் தனித்தும் நிற்கும் என அதன் விளக்கம் செல்லும். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் இதற்கு ஓர் உவமை தருகிறார்: பவனி போய்த் திரும்பும் மன்னன் அரண்மனையின் வாயில்தோறும் பரிவாரத்தை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டுத் தனியே அந்தப்புரம் புகுவது போல, உயிர் கருவிகளை நிலைதோறும் விட்டுவிட்டு உட்செல்கிறது, உடலுக்குக் காவலாக நிற்பது பிராணன்.

மருத்துவமும் சித்தாந்தமும் வெவ்வேறு மொழியில் பேசுபவை என்பதால், புருவ நடுவையும் இதயத்தையும் மூளையின் பகுதிகளோடு பொருத்திக் காட்ட முனைவது இரண்டுக்கும் நியாயமாகாது. ஆயினும் சித்தியாரின் உவமை, மூச்சுத்தடை நோயின் துன்பம் இன்னதென்பதைத் தெளிவாக்குகிறது. காவல் தடுமாறும்போதெல்லாம் உள்ளே சென்ற மன்னன் வாயிலுக்குத் திரும்ப வேண்டியிருந்தால், அவன் அரண்மனையில் இருந்தும் அந்தப்புரத்தில் தங்கியவன் ஆகான்; மணிக்கு முப்பது முறை மூச்சு நின்று மூளை விழிப்பை நோக்கி இழுக்கப்படும் ஒருவர், எட்டு மணி நேரம் படுத்திருந்தும் சுழுத்தியில் தங்கியவர் ஆகார். உறக்கத்தை வெறும் சோம்பலாகவோ காலவிரயமாகவோ கருதாமல், உயிர் நாள்தோறும் கருவிகளின் ஆரவாரத்திலிருந்து விலகி ஓயும் நிலையாகக் கருதும் ஒரு மரபு, அந்நிலைக்குச் செல்லும் வழி அடைபடுவதை அற்பமான குறையாகக் கொள்ள இயலாது. குறட்டையை நல்ல நித்திரையின் அடையாளமாகக் கொள்ளும் வழக்கத்தைச் சைவர் கைவிடுவதற்கு அவர்களின் சொந்த நூல்களிலேயே காரணம் இருக்கிறது.

இஸ்லாமிய மரபில் இவ்வினா கூர்மையான வடிவில் எழுகிறது. ஏனெனில் அங்கே பல் பெயர் குறித்தே பேசப்படுகிறது. அல்லாஹ்வின் படைப்பை மாற்றுமாறு மனிதரை ஏவுவேன் என ஷைத்தான் சூளுரைப்பதைக் குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 119ஆம் வசனம் கூறுகிறது. பச்சை குத்துவோரையும், முகத்து முடியைப் பிடுங்குவோரையும், அழகுக்காகப் பற்களுக்கிடையே இடைவெளி உண்டாக்கிக்கொள்ளும் பெண்களையும் கண்டிக்கும் ஒரு நபிமொழி, இப்னு மஸ்ஊத் வழியாகப் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது. அக்காலத்து அரபுப் பெண்கள் இளமைத் தோற்றத்துக்காக முன்பற்களை அராவி இடைவெளி செய்துகொண்ட வழக்கமே அதன் பின்னணியாக உரையாசிரியர்களால் காட்டப்படுகிறது. இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின், அதாவது சட்டப்பள்ளியின், பேரறிஞரான இமாம் நவவி, முஸ்லிம் தொகுப்புக்கு எழுதிய விரிவுரையில், இத்தடை அழகை நாடிச் செய்வதற்கே உரியது என்றும், சிகிச்சைக்காகவோ பல்லில் உள்ள குறைக்காகவோ செய்ய நேர்ந்தால் குற்றமில்லை என்றும் விளக்குகிறார். போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா என்ற நபித்தோழர் வைத்திருந்த வெள்ளி மூக்கு துர்நாற்றமடைந்தபோது, ஆண்களுக்குப் பொன்னணி விலக்கப்பட்டிருந்தும், பொன்னால் மூக்குச் செய்துகொள்ளுமாறு நபிகள் பணித்ததாக அபூதாவூத், திர்மிதி தொகுப்புகளில் வரும் செய்தியும் இதற்குத் துணையாகிறது. உடல் அல்லாஹ் ஒப்படைத்த அமானிதம் என்பதால் அதை விருப்பம்போல் மாற்றலாகாது. அதே காரணத்தால் அதைக் கேடுற விடலும் ஆகாது.

அண்ண விரிப்புச் சிகிச்சையில் இவ்விளக்கத்தின் ஆற்றல் புலப்படுகிறது. திருகைத் திருப்பத் தொடங்கிய சில நாட்களிலேயே பிள்ளையின் மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி ஒன்று தோன்றுகிறது. எலும்பு அகல்கிறது என்பதற்கு அதுவே கண்காணும் சான்று, பின்னர் அது தானாகவும் கம்பியின் உதவியாலும் மூடிக்கொள்ளும். நபிமொழி கண்டித்த செயலும் வைத்தியர் செய்யும் செயலும் வாயில் விட்டுச்செல்லும் அடையாளம் ஏறக்குறைய ஒன்றே. அவற்றைப் பிரிப்பது நோக்கமும் தேவையும் மட்டுமே. வெளித்தோற்றத்தைக் கொண்டு விதியைப் பொருத்துவோர் இங்கே தவறிவிடுவர். நவவி செய்ததைப் போல விதியின் காரணத்தைக் கொண்டு பொருத்துவோர் சிகிச்சையை விதிக்குப் புறம்பாக்காமல் விதியையும் காப்பர். உறக்கத்தில் உயிர்கள் கைப்பற்றப்பட்டு, மரணம் விதிக்கப்படாதவை குறித்த தவணை வரை திருப்பி அனுப்பப்படுகின்றன என்று குர்ஆனின் 39ஆம் அத்தியாயம் கூறுவதால், உறக்கம் முஸ்லிம்களுக்கு ஒவ்வோர் இரவும் நிகழும் ஓர் ஒப்படைப்பாகவும் விளங்குகிறது. ஆயினும் அவ்வசனத்தைக் காட்டி உறக்கத்தில் நிற்கும் மூச்சைத் தீண்டாமல் விடுவது, தவணையை நிர்ணயிப்பவனின் அதிகாரத்தையும் மருந்து தேடும் மனிதரின் கடமையையும் குழப்புவதாகும்.

கிறிஸ்தவ மரபு இவ்வினாவை முழுமை, பகுதி என்னும் இரு கருத்துகளின் வழியே அணுகியது. உடலின் உறுப்பு தனக்கென நிற்பதன்று, முழு உடலின் நன்மைக்கென நிற்பது. ஆதலால் முழுமையைக் காக்கும்பொருட்டு ஒரு பகுதியை மாற்றவோ இழக்கவோ மனிதருக்கு உரிமை உண்டு, அவ்வுரிமைக்கும் எல்லை உண்டு என்பதைப் பாப்பரசர் 12ஆம் பயஸ் 1952இல் மருத்துவ ஆய்வாளர் மாநாடொன்றில் விளக்கினார். 1958 ஒக்டோபரில், தம் மறைவுக்குச் சில நாட்களின் முன், உருவச்சீரமைப்பு அறுவை வைத்தியர்களிடம் பேசியபோது, உடலழகைத் திருத்துவதைத் தன்னளவில் தீதென அவர் விலக்கவில்லை. செய்வோரின் நோக்கத்தையும் சூழ்நிலையையும் நோக்கியே அதன் ஒழுக்கநிலை அமையும் என்றார். பற்சீரமைப்பில் இடம்போதாத தாடையிலிருந்து நலமான முன்கடைவாய்ப் பற்களை அகற்றும் வழக்கம் இக்கொள்கைக்கு நேரடியான உதாரணமாகும். அவ்வாறு பல் அகற்றுவது நாக்குக்கு உரிய இடத்தைக் குறைத்து மூச்சுத்தடையை உண்டாக்கும் என்று அண்மைக்காலத்தில் சிலர் வலியுறுத்தினர். மேலே குறித்த 2019ஆம் ஆண்டு அறிக்கை, அதற்குப் போதிய சான்று இல்லை என்று முடிவு செய்தது. பகுதியை இழப்பது முழுமைக்கு நன்மையா தீமையா என்பது அறிந்த பின்னரே இக்கொள்கை இயங்க முடியும் என்பதை இவ்விவாதம் காட்டுகிறது. 1814இல் வில்லியம் ஓல்ட் என்ற மிஷனரி மட்டக்களப்புக்குக் கொண்டுவந்த மெதடிஸ்த மரபின் மூலவரான ஜோன் வெஸ்லியும், 1747இலேயே எளியோருக்கென மருத்துவக் கைந்நூல் ஒன்றை எழுதி, உடலைப் பேணுவதைப் போதகரின் அக்கறைக்குள் கொண்டுவந்தவர்.

ஆக, உயிரின் கருவி என்று தொடங்கும் சைவமும், அமானிதம் என்று தொடங்கும் இஸ்லாமும், முழுமைக்குரிய பகுதி என்று தொடங்கும் கிறிஸ்தவமும், தேவையுள்ளபோது தாடையைத் திருத்தலாம் என்ற முடிவில் சந்திக்கின்றன. இவ்வுடன்பாடு மகிழ்ச்சிக்குரியதாயினும், அதோடு ஆய்வு முடிந்துவிடுவதில்லை. ஏனெனில் தேவை என்பது சமய நூல் எதிலும் எழுதப்பட்டிருக்கும் ஒன்றன்று. ஒரு குறிப்பிட்ட பிள்ளையின் மூச்சு இரவில் நிற்கிறதா, நிற்பதற்கு அதன் தாடை காரணமா, தாடையை விரித்தால் அது சீராகுமா என்பன அளந்தறிய வேண்டிய செய்திகள். அனுமதியைத் தேவையின் மேல் கட்டிய சமயம், தன் தீர்ப்பின் சரிபாதியை அளவீட்டின் கையில் ஒப்படைத்திருக்கிறது. அளவீடு பொய்யாயின் அனுமதியும் பொய்யாகும். அழகுக்கென விற்கப்படும் சிகிச்சைக்கு மூச்சுத்தடை என்ற பெயரைச் சூட்டும் வைத்தியர், நோயாளியின் பணத்தோடு அவரது சமய மனச்சான்றையும் ஏமாற்றியவர் ஆகிறார். நோய் மெய்யாக இருந்தும் அதை அழகுப் பிரச்சினை என ஒதுக்கிவிடுபவரும் அதே தவற்றை மறுபக்கத்திலிருந்து செய்கிறார்.

இந்நோயில் அளவீட்டின் இடம் மேலும் முதன்மை பெறுவதற்கு, தேவையை உடையவரே அதை அறியாதிருப்பது காரணமாகும். பசியும் வலியும் தம்மைத் தாமே அறிவிக்கின்றன. உறக்கத்தில் நூறு முறை மூச்சு நின்றவரோ, விழித்ததும் நன்றாக உறங்கியதாகவே சொல்லக்கூடும். அவரது இரவை அறிந்தவர் பக்கத்தில் படுத்திருக்கும் துணைவரோ தாயோ ஆவர். வாவியிலும் கடலிலும் இரவில் தொழில் செய்யும் மீனவர், வேளாண்மைக் காலத்தில் இரவுக் காவலுக்குச் செல்லும் விவசாயி ஆகியோரின் பகல் அயர்ச்சிக்கு உழைப்பே காரணம் என்று எல்லோரும் எண்ணிவிடுவதால், அவர்களிடத்தில் இந்நோய் மேலும் ஒரு திரைக்குப் பின்னால் மறைகிறது. பிள்ளைகளிடத்திலோ அது அயர்ச்சியாகக்கூடத் தோன்றாமல், அடங்காமை, கவனமின்மை, படுக்கையில் சிறுநீர் கழித்தல் என வேறு பெயர்களில் வெளிப்பட்டுத் தண்டனையையும் பெற்றுத்தருகிறது. உயிர் தானே அறியும் தன்மையதன்று, உணர்த்த உணர்வது என்று சிவஞானபோதத்தின் அதே மூன்றாம் சூத்திரம் கூறும் கருத்து, இறைவன் உயிருக்கு உணர்த்துவதைப் பற்றியது. எனினும் தன் துன்பத்தையும் பிறர் உணர்த்தியே அறியும் நிலையில் மனிதர் இருப்பதற்கு இந்நோயைப் போலத் தெளிவான சான்று அரிது. இதனால் உணர்த்துதல் ஒரு கடமையாகிறது: கண்ட துணைவர் சொல்வதும், கேட்ட வைத்தியர் அளந்து பார்ப்பதும், அளந்தது இன்னதென மறைக்காமல் கூறுவதும் அக்கடமையின் மூன்று படிகள்.

பிள்ளைகளின் நிலையில் இக்கடமை கூடுதல் கனம் பெறுகிறது. அண்ணப் பொருத்து இறுகுவதற்கு முன்பே விரிப்பு எளிதாவதால், முடிவெடுக்க வேண்டிய காலம் பிள்ளை தனக்கெனப் பேசத் தகுதி பெறாத காலமாகவே அமைகிறது. பெற்றோர் பிள்ளையின் உடலைத் தம் உடைமையாக அன்றித் தம்மிடம் ஒப்படைக்கப்பட்டதாகக் கருத வேண்டும் என்று மூன்று மரபுகளும் கூறுவது இங்கே பொருள்பெறுகிறது. பிந்தினால் வாய்ப்புப் போய்விடும் என்ற அச்சம் அவர்களை அவசரப்படுத்தக்கூடும். ஆனால் 2013இல் அமெரிக்காவில் 5 முதல் 9 வயது வரையான 464 சிறுவர்களிடத்தில் டொன்சில், அடினாய்டு அறுவையை ஆராய்ந்த பெரும் சோதனையில், ஏழு மாதங்களில் அறுவை பெற்றோரில் நூற்றுக்கு 79 பேருக்கு உறக்கப் பதிவு சீரானபோது, கவனத்தோடு காத்திருந்தோரிலும் நூற்றுக்கு 46 பேருக்கு அது சீரானது. அறுவையின் மேன்மை அதில் ஐயமின்றித் தெரிகிறது. காத்திருத்தலும் சில பிள்ளைகளுக்குப் பொறுப்பான தேர்வே என்பதும் அதில் தெரிகிறது. செய்வது மட்டுமே அக்கறை, பொறுப்பது அலட்சியம் என்ற எண்ணம் மருத்துவத்துக்கும் பொருந்தாது, சமயத்துக்கும் பொருந்தாது.

இவ்வாறு அளவீட்டையும் அறத்தையும் ஒன்றாகப் பேசுவது மட்டக்களப்புக்குப் புதிதன்று. காரைதீவில் 1892இல் பிறந்து, 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டத்தையும் 1924இல் இராமகிருஷ்ண சங்கத் துறவையும் பெற்ற சுவாமி விபுலாநந்தர், 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கியதோடு, பின்னர் சென்னையில் விஞ்ஞானக் கலைச்சொல்லாக்கக் குழுவுக்கும் தலைமை தாங்கினார். துறவும் விஞ்ஞானமும் ஒரே மனிதரிடத்தில் பகையின்றி இருக்கலாம் என்பதற்கு வாவிக்கரை தன் ஊரவர் ஒருவரையே காட்ட முடியும். இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம் என்பதும் இப்பகுதிக்கு ஒரு பேறு. ஆயினும் பற்சீரமைப்பு மாதங்களும் ஆண்டுகளும் தொடரும் சிகிச்சை. படுவான்கரையின் உட்கிராமத்திலிருந்து கூலி வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையோடு நகருக்கு மீண்டும் மீண்டும் வரவேண்டிய தாய்க்கு, கட்டணமில்லாச் சிகிச்சையும் செலவில்லாச் சிகிச்சையாகிவிடுவதில்லை. அழகுக்கெனத் தனியாரிடம் கம்பி போட்டுக்கொள்ள வசதியுள்ளவர் எளிதில் பெறுவதை, மூச்சுக்கென வேண்டுபவர் தொலைவினால் இழப்பாராயின், தேவையே அனுமதியின் அளவுகோல் என்ற மூன்று சமயங்களின் ஒருமித்த முடிவும் நடைமுறையில் தலைகீழாகிவிடும்.

எனவே தாடையைத் திருத்துவது பற்றி ஐயரிடமோ மௌலவியிடமோ குருவானவரிடமோ ஒருவர் விளக்கம் கேட்கும்போது, ஆகும் அல்லது ஆகாது என்ற உடனடி விடை போதுமானதாகாது. பிள்ளை உறங்கும்போது பக்கத்திலிருந்து பார்த்தவர் யார், மூச்சு நிற்பதை அவர் கண்டாரா, உறக்கப் பரிசோதனை செய்யப்பட்டதா, காது மூக்குத் தொண்டை வைத்தியர் டொன்சிலையும் அடினாய்டையும் பார்த்தாரா, பல் வைத்தியர் தம் கருவி எதைச் செய்யும் என்பதோடு எதைச் செய்யாது என்பதையும் சொன்னாரா என்று அவர் திருப்பிக் கேட்பாராயின், அக்கேள்விகள் மருத்துவத்தில் சமயம் தலையிடுவதாகாமல், சமயம் தன் சொந்த விதியை நேர்மையாக நிறைவேற்றுவதாகவே அமையும். விடைகள் தேவையைக் காட்டினால், திருகைத் திருப்பும் தாயின் கை படைப்பை மீறுவதாக எந்த மரபும் கூறாது. தேவையைக் காட்டாவிடில், கம்பியை அழகின் பெயராலேயே கேட்டு, அதற்குரிய அறக்கணக்கையும் அழகின் பெயராலேயே தீர்த்துக்கொள்வதுதான் முறை.